ரேவால் நடைக் குதிரையின் ரத்தம்: உழைப்புக்குப் பிறகு ரிப்போர்ட்டில் என்ன மாறும், எதைக் கண்டு பயப்பட வேண்டும்?

பெங்களூரில் எலகங்கா பக்கமும் கனகபுரா ரோட்டிலும் மார்வாரி, கத்தியவார் குதிரை வைத்திருக்கும் நம் ஆட்கள் நிறையப் பேர். பாதிக் குதிரைகள் அந்தியூர் சந்தையிலிருந்து வந்தவை. லேபில் குதிரை ரத்தம் பார்க்கும் வேலையில் இருப்பதால், ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பி "இது சரியா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது எனக்கு அன்றாட வேலை. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் கால்நடை மருத்துவர். அவரிடம் போகும்போது எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

நடைக் குதிரை என்றால் எது? அதன் ரத்தம் மற்றக் குதிரையின் ரத்தத்திலிருந்து வேறுபடுமா?

டிராட் போகும் குதிரை மூலைவிட்டமாக இரண்டு கால்களைச் சேர்த்து வைக்கும். நடுவில் ஒரு கணம் நான்கு காலும் தரையை விட்டு எழும்பும், அதனால்தான் சவாரிக்காரர் குலுங்குகிறார். நடைக் குதிரை நான்கு கால்களையும் தனித்தனியாக, நான்கு தாளமாக வைக்கும். ஏதாவது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும். நம் மார்வாரியும் கத்தியவாரும் போடும் ரேவால் இந்த வகை. ஐஸ்லாந்துக் குதிரையின் டோல்ட், பிரேசிலின் மங்கலார்கா மார்ச்சடோர் குதிரையின் மார்ச்சா ஆகியவையும் இதே குடும்பம். டோல்ட் போன்ற நடைகளுக்குப் பின்னால் டி.எம்.ஆர்.டி.3 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் இருப்பதை 2012-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் தலைமையிலான குழு கண்டறிந்தது.

ரத்தம் அடிப்படையில் ஒன்றுதான். வேறுபடுவது உழைப்பின் வகை. ரேஸ் குதிரை ஒன்றிரண்டு நிமிடத்தில் முழு பலத்தையும் கொட்டிவிடும். நடைக் குதிரை நடுத்தர வேகத்தில் நெடுநேரம் போகும். பிரேசிலின் மார்ச்சா போட்டிகளில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் நிற்காமல் நடக்கும் குதிரைகள் உண்டு. அதனால் ரேஸ் குதிரை ரிப்போர்ட்டை அருகில் வைத்து உங்கள் குதிரையை எடை போடாதீர்கள். லேப் தாளில் அச்சாகும் "நார்மல்" எல்லை பெரும்பாலும் தரோபிரெட் என்ற ரேஸ் இனக் குதிரைகளைப் பார்த்து எழுதப்பட்டது என்பதும் நினைவிருக்கட்டும்.

சவாரி முடிந்ததும் எடுத்த ரத்தத்தில் பி.சி.வி. 50-ஐத் தாண்டியிருக்கிறது. குதிரைக்கு ரத்தம் நன்றாக ஊறியிருக்கிறது என்று அர்த்தமா?

இல்லை. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற எண்களைப் படிக்கவும் இதுதான் ஆதாரம்.

பி.சி.வி. என்பது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீத இடத்தைப் பிடித்திருக்கின்றன என்ற அளவு. ஓய்வில் நிற்கும் குதிரைக்கு இது சுமார் 32 முதல் 46 வரை இருக்கும். குதிரையின் மண்ணீரல் சிவப்பணுக்களின் பெரிய கிடங்கு. உடம்பிலுள்ள சிவப்பணுக்களில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் மேலோ அங்கேதான் தங்கியிருக்கும். குதிரை ஓடத் தொடங்கி அட்ரினலின் சுரந்ததும் மண்ணீரல் சுருங்கி, அத்தனையையும் ரத்த ஓட்டத்தில் தள்ளிவிடும். முழு வேகத்தில் ஓடும் குதிரைக்குப் பி.சி.வி. 60-ஐத் தாண்டுவதும் சகஜம். மனிதனுக்கு இந்த வசதி இந்த அளவுக்குக் கிடையாது. ஓடும்போது ஆக்ஸிஜனைச் சுமந்து போகும் திறனை ஒரே நிமிடத்தில் கூட்டிக்கொள்ள முடிவதுதான் குதிரையின் பெரிய பலம்.

ஆகவே சவாரி முடிந்த கையோடு 50 வந்தால், புதிதாக ரத்தம் ஊறியதாக எண்ண வேண்டாம். ஏற்கெனவே இருந்தது வெளியே வந்திருக்கிறது, அவ்வளவுதான். அதோடு வியர்வையில் தண்ணீர் போனதால் ரத்தம் கெட்டியாகியிருக்கவும் வாய்ப்பு உண்டு. இரண்டில் எது என்று பிரித்துப் பார்க்க மொத்தப் புரோட்டீன் உதவும். பி.சி.வி. மட்டும் கூடி, புரோட்டீன் டெசிலிட்டருக்கு 6 முதல் 7.5 கிராமுக்குள் இருந்தால் பெரும்பாலும் மண்ணீரலின் வேலை. இரண்டும் கூடியிருந்து, ஓரிரு மணி நேர ஓய்வுக்குப் பிறகும் இறங்கவில்லை என்றால் குதிரை வறண்டிருக்கிறது. தண்ணீரும் உப்பும் கொடுக்க வேண்டும்.

சரி, ஓய்வில் எடுத்தால் சரியான எண் கிடைக்குமா?

குதிரை அமைதியாக இருந்தால் கிடைக்கும். ஊசியைக் கண்டாலே காதைப் பின்னால் மடக்கும் குதிரையாக இருந்தால், லாயத்தில் நின்றபடியே மண்ணீரலைச் சுருக்கிவிடும். அந்நியர் நாலு பேர் சூழ்ந்து, மூக்கில் கயிறு முறுக்கி எடுத்த ரத்தத்தை ஓய்வு ரத்தம் என்று நான் எடுத்துக்கொள்வதே இல்லை. தினமும் தீனி வைக்கும் குதிரைக்காரரே தலைக்கயிற்றைப் பிடிக்கட்டும். காலைத் தீனிக்கு முன், வெளியே கூட்டிப் போவதற்கு முன் எடுங்கள். கழுத்து நரம்பில் ஒரே குத்தில் முடிய வேண்டும்.

பி.சி.வி. 28 வந்திருக்கிறது. இரும்புச் சத்து டானிக் கொடுக்கலாமா?

முதலில் காரணத்தைத் தேடுங்கள். நம் ஊர்க் குதிரையில் இரும்புச் சத்துக் குறைவு அரிது. புல்லிலும் தீனியிலும் தேவைக்கு மேலேயே இருக்கிறது. நம் நாட்டில் சந்தேகப்பட வேண்டியவை ஈக்கள் பரப்பும் சர்ரா, உண்ணி பரப்பும் பைரோபிளாஸ்மோசிஸ், அப்புறம் குடற்புழு. சர்ராவில் காய்ச்சல் விட்டு விட்டு வரும், குதிரை இளைக்கும், காலிலும் அடிவயிற்றிலும் நீர் கோக்கும். ரத்தப் பூச்சு (கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது) பார்த்தும் தெளிவாகாவிட்டால், ஹிசாரில் உள்ள தேசிய குதிரை ஆராய்ச்சி மையம் போன்ற இடத்துக்கு மருத்துவர் மூலம் மாதிரி அனுப்பலாம்.

குதிரைக்கு ஒரு விசேஷம் உண்டு. ரத்தசோகை வந்தாலும் அது இளம் சிவப்பணுக்களை எலும்பு மஜ்ஜையிலிருந்து வெளியே விடாது. நாய், மாடு ரிப்போர்ட்டில் பார்ப்பதுபோல் "ரெட்டிகுலோசைட் இல்லை, அதனால் ரத்தம் ஊறவில்லை" என்று இங்கே முடிவு கட்ட முடியாது.

இன்னொன்று: புதிதாகப் பயிற்சி தொடங்கிய குதிரைக்கு முதல் சில வாரங்களில் பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, அளவில் கூடும். அதனால் ஓய்வில் பி.சி.வி. ஓரிரு புள்ளி இறங்கித் தெரியலாம். இது நல்ல அறிகுறி, நோயில்லை.

வெள்ளையணு கூடியிருக்கிறது. ஆன்டிபயாட்டிக் தேவையா?

சவாரிக்குப் பின் எடுத்ததென்றால் அவசரப்படாதீர்கள். லிம்போசைட், நியூட்ரோபில் இரண்டும் வெள்ளையணு வகைகள். குறுகிய, வேகமான உழைப்பில் லிம்போசைட் கூடும். நீண்ட நேர உழைப்பில் கார்டிசால் என்ற ஹார்மோன் காரணமாக நியூட்ரோபில் கூடி லிம்போசைட் குறையும். மறுநாள் ஓய்வில் எடுத்துப் பார்த்து, காய்ச்சலும் இருந்தால்தான் அடுத்த பேச்சு.

லாக்டேட் எவ்வளவு வரை போகலாம்?

லாக்டேட் என்பது தசை கடுமையாக உழைக்கும்போது ரத்தத்தில் சேரும் கழிவு. ஓய்வில் லிட்டருக்கு சுமார் 1 மில்லிமோல் அல்லது அதற்கும் கீழே. உழைப்பு ஏற ஏற மெல்லக் கூடி, ஒரு கட்டத்தில் சட்டென்று ஏறும். அந்தத் திருப்பத்தை 4 மில்லிமோல் என்று வைத்துக்கொள்வது வழக்கம். அதுவரை தசைக்கு ஆக்ஸிஜன் போதுமான அளவு கிடைக்கிறது. முழு வேக ரேஸ் ஓடிய குதிரைக்கு 20-க்கு மேல் போவது உண்டு.

ரேவாலில் நிதானமாக அரை மணி நேரம் போய் வந்த, பழகிய குதிரை 4-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் வேகம் அதிகம், அல்லது பயிற்சி போதவில்லை, அல்லது சவாரிக்காரரின் எடை அதற்குச் சுமை. மார்வாரி பெரும்பாலும் பெரிய குதிரை இல்லை என்பதால் மூன்றாவதையும் நேர்மையாக யோசியுங்கள். நடை சொகுசாக இருப்பதால் சவாரிக்காரருக்கு அலுப்புத் தெரியாது, குதிரைக்கு அப்படி இல்லை. ரேவாலில் போகும் குதிரையை அதன் வேகத்துக்கு மேல் விரட்டி, தலையை இழுத்துப் பிடித்து நடையை மட்டும் காப்பாற்றிக்கொண்டு போவதை இங்கே நிறையப் பார்க்கிறேன். லாக்டேட் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சி.கே., ஏ.எஸ்.டி. இரண்டும் கூடியிருக்கிறது. தசை கிழிந்துவிட்டதா?

இரண்டும் தசைக்குள் இருக்கும் நொதிகள், தசை சேதமானால் ரத்தத்தில் கூடும். எப்போது எடுத்த ரத்தம் என்பதைச் சொல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. சி.கே. தசையிலிருந்து கசிந்து, உழைப்பு முடிந்த 4 முதல் 6 மணி நேரத்தில் உச்சம் தொடும், சீக்கிரமே இறங்கிவிடும். ஏ.எஸ்.டி. மெல்ல ஏறி, ஒரு நாள் கழித்து உச்சம் போய், ஒன்றிரண்டு வாரம் தங்கும். பழைய ரிப்போர்ட்டுகளில் இதையே எஸ்.ஜி.ஓ.டி. என்று போட்டிருப்பார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் கதை தெரியும். சி.கே. மட்டும் கூடியிருந்தால் இன்றைய சேதம். ஏ.எஸ்.டி. மட்டும் கூடியிருந்தால் போன வாரம் ஏதோ நடந்திருக்கிறது, இப்போது ஆறி வருகிறது. இரண்டும் உயரத்திலேயே நின்றால் சேதம் தொடர்கிறது. ஏ.எஸ்.டி. ஈரலிலும் இருப்பதால், அது மட்டும் நெடுநாள் உயர்ந்து நின்றால் ஈரலையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சந்தேகமான குதிரைக்கு ஒரு எளிய சோதனை உண்டு. காலையில் ஓய்வில் ஒரு மாதிரி. அப்புறம் 15, 20 நிமிடம் லேசான உழைப்பு. 4 முதல் 6 மணி நேரம் கழித்து இன்னொரு மாதிரி. இவ்வளவு சின்ன வேலைக்கே சி.கே. மூன்று நான்கு மடங்கு ஏறினால் அந்தக் குதிரைக்குத் தசைப் பிரச்சினை இருக்கிறது.

கல்யாண ஊர்வலக் குதிரைகளைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். வாரம் முழுக்க லாயத்தில் கட்டிப்போட்டு, கொள்ளும் தவிடும் குறையாமல் வைத்து, முகூர்த்த நாளன்று தார் ரோட்டில் மூன்று மணி நேரம் பேண்டு சத்தத்தில் ஆட வைக்கிறார்கள். தசை பிடித்துக்கொண்டு நடக்க முடியாமல் நிற்கும் நோய்க்கு இதைவிட நேர்வழி கிடையாது. வேலை இல்லாத நாளில் தானியத்தைக் குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள். தினமும் கொஞ்சமாவது நடக்க விடுங்கள்.

ஆன்டிஆக்ஸிடன்ட் மார்க்கர் என்று தனியாக ஒரு பக்கம் வந்திருக்கிறது. அது என்ன?

தசை உழைக்கும்போது ஆக்ஸிஜன் செலவு பல மடங்கு ஏறும். அதில் ஒரு சிறு பங்கு முழுதாக எரியாமல், கண்டதையும் தாக்கும் மூலக்கூறுகளாக மாறும். அவை செல்லின் கொழுப்புச் சுவரைக் கடிக்கும். அதைத் தடுக்க உடம்பில் ஒரு படையே இருக்கிறது: எஸ்.ஓ.டி., கேட்டலேஸ், குளூட்டாதையோன் பெராக்ஸிடேஸ் என்ற நொதிகள், கூடவே வைட்டமின் ஈ, வைட்டமின் சி, குளூட்டாதையோன், யூரிக் அமிலம். கொழுப்பு கடிபட்ட பிறகு மிஞ்சும் கழிவுதான் எம்.டி.ஏ. என்று ரிப்போர்ட்டில் வருவது. அதாவது நொதிகள் தற்காப்பைக் காட்டும், எம்.டி.ஏ. சேதத்தைக் காட்டும்.

பழகாத குதிரையைத் திடீரென்று கடுமையாக ஓட்டினால் எம்.டி.ஏ. ஏறலாம். வாரக்கணக்கில் படிப்படியாகப் பழக்கினால் நொதிகளின் தற்காப்புக் கூடும், அதே வேலைக்குச் சேதம் குறையும். அந்தத் தாக்கும் மூலக்கூறுகளே "இன்னும் பலப்படு" என்று தசைக்குச் சொல்லும் செய்தியும்கூட. அதனால் அவற்றை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று நினைப்பது தவறு.

மொத்த ஆன்டிஆக்ஸிடன்ட் திறன் சவாரிக்குப் பின் கூடியிருக்கிறது. நல்லதுதானே?

இந்த எண்ணை வைத்துத்தான் பவுடர் விற்பவர்கள் அதிகம் பேசுகிறார்கள், அதனால் கவனமாகப் படியுங்கள். கடும் உழைப்பில் தசையின் எரிபொருள் மூலக்கூறுகள் உடைந்து யூரிக் அமிலமாகி ரத்தத்துக்கு வரும். யூரிக் அமிலம் ஒரு ஆன்டிஆக்ஸிடன்ட் என்பதால் சோதனையில் "மொத்தத் திறன்" கூடித் தெரியும். உண்மையில் குதிரை தன் சக்திக்கு மேல் உழைத்ததன் அடையாளமாகவும் அது இருக்கலாம். யூரிக் அமிலத்தைத் தனியாக அளக்காமல் இந்த எண்ணைக் கொண்டாடக் கூடாது.

ரத்தம் கெட்டியானாலும் பிளாஸ்மாவில் அளக்கும் எல்லாமே கூடித் தெரியும். மொத்தப் புரோட்டீன் பத்து சதவீதம் ஏறியிருக்கும்போது, இன்னொரு மார்க்கரும் பத்து சதவீதம் ஏறியிருந்தால், உடம்பு எதையும் புதிதாகச் செய்யவில்லை, தண்ணீர்தான் குறைந்திருக்கிறது.

சிவப்பணுவுக்குள் அளக்கும் குளூட்டாதையோன் பெராக்ஸிடேஸுக்கு வேறொரு குணம் உண்டு. அதற்குச் செலினியம் என்ற தாதுச் சத்து தேவை, அந்தச் செலினியம் சிவப்பணு உருவாகும்போதே உள்ளே போய்விட வேண்டும். குதிரையின் சிவப்பணு கிட்டத்தட்ட ஐந்து மாதம் வாழும். ஆகவே போன வாரம் கொடுத்த செலினியம் இந்த வாரச் சிவப்பணுவில் தெரியாது. "பத்து நாளில் ரிப்போர்ட் மாறும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மாதிரியை எப்படி எடுத்து, எப்படி அனுப்புவது?

குதிரை ரத்தத்தை ஊதா மூடிக் குழாயில் எடுத்து ரேக்கில் வைத்துப் பாருங்கள். சில நிமிடங்களிலேயே அடியில் கருஞ்சிவப்பும் மேலே மஞ்சளும் தனித்தனியாகப் பிரியத் தொடங்கும். சிவப்பணுக்கள் காசு அடுக்கியதுபோல் ஒட்டிக்கொண்டு வேகமாக இறங்குவதுதான் காரணம். மனித ரத்தம் இவ்வளவு வேகமாகப் பிரியாது. கருவியில் வைப்பதற்கு முன் மெதுவாகப் பலமுறை கவிழ்த்துக் கலக்காவிட்டால், ஒரே குழாயிலிருந்து பி.சி.வி. 25-உம் வரும், 50-உம் வரும். மனித ரத்தம் மட்டும் பார்த்துப் பழகிய லேபுக்குக் கொடுத்தால் இதைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். மேலே நிற்கும் பிளாஸ்மா மஞ்சளாக இருப்பதும் குதிரைக்கு இயல்பு, மஞ்சள் காமாலை இல்லை. தீனி எடுக்காமல் நின்றிருந்தால் இன்னும் மஞ்சளாகும்.

குலுக்கக் கூடாது. சிவப்பணு உடைந்தால் உள்ளே இருக்கும் எஸ்.ஓ.டி., கேட்டலேஸ், ஏ.எஸ்.டி. எல்லாம் பிளாஸ்மாவில் கொட்டி, எல்லா எண்ணும் கெட்டுவிடும். பிளாஸ்மா இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அந்த மாதிரியில் ஆன்டிஆக்ஸிடன்ட் பார்க்காதீர்கள். லாக்டேட்டுக்குச் சாம்பல் மூடிக் குழாய் வேண்டும். மற்றக் குழாயில் சிவப்பணுக்கள் சர்க்கரையைத் தின்று லாக்டேட்டைத் தொடர்ந்து உண்டாக்கிக்கொண்டே இருக்கும். கனகபுரா ரோட்டிலிருந்து ஹெப்பால் வரை சாயங்கால டிராஃபிக்கில் வந்து சேரும் நேரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். லாயத்திலேயே பிளாஸ்மாவைப் பிரித்து ஐஸில் அனுப்புவது நல்லது. ஐஸ் கட்டி குழாயில் நேராகப் படாமல் துணி சுற்றுங்கள், உறைந்தாலும் சிவப்பணு உடையும்.

பெங்களூர் உயரத்தில் இருப்பதால் எண்கள் மாறுமா?

சுமார் 900 மீட்டர்தான். இதனால் கவலைப்படும் அளவுக்கு ஒன்றும் மாறாது. ஏப்ரல் வெயில்தான் மாற்றும்.

குதிரையின் வியர்வை அதன் ரத்தத்தைவிட உப்பு அதிகமானது. தண்ணீரோடு உப்பும் சேர்ந்து போவதால் குதிரைக்குத் தாகமே சரியாக எடுக்காது, தொட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். "தண்ணீர் வேண்டாம் என்கிறது" என்று விட்டுவிடாதீர்கள். வேலை இல்லாத நாளிலேயே சின்னக் குதிரைக்கு 20, 25 கிராம் உப்புத் தேவை. வியர்க்க உழைத்த நாளில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. தீனியில் கலந்து வையுங்கள், பக்கத்தில் வெறும் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

வைட்டமின் ஈ, செலினியம் பவுடர் வாங்கலாமா?

பச்சைப் புல் தின்னும் குதிரைக்கு வைட்டமின் ஈ தாராளமாகக் கிடைக்கிறது. காய்ந்த புல்லில் அது பெரும்பகுதி அழிந்துவிடும். நகருக்குள் லாயத்தில் வைக்கோலும் கொள்ளும் மட்டும் தின்று நிற்கும் குதிரைக்குக் குறைவு வருவது இயற்கை. ஆகவே முதல் செலவு குதிரைமசாலுக்கும் பசும்புல்லுக்கும் இருக்கட்டும். அதற்கு வழியே இல்லையென்றால் வைட்டமின் ஈ கொடுக்கலாம். உழைக்கும் குதிரைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2 யூனிட் என்பது கணக்கு. 350 கிலோ குதிரைக்கு நாளுக்கு 700 யூனிட். அதைப்போல் பத்து மடங்கு கொடுத்தால் மற்ற சத்துகள் உடம்பில் சேர்வது கெடும்.

செலினியம் அப்படியல்ல, அதில் விளையாடக் கூடாது. 500 கிலோ குதிரைக்கே நாளுக்கு சுமார் 1 மில்லிகிராம்தான் தேவை. 2009 ஏப்ரலில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், போலோ போட்டிக்கு வந்த 21 குதிரைகள் சில மணி நேரங்களுக்குள் அடுத்தடுத்து விழுந்து இறந்தன. களைப்புத் தீர என்று கொடுத்த ஊசி மருந்தில் செலினியம் அளவுக்கு மேல் கலந்திருந்ததுதான் காரணம். நம் ஊரில் ஒரே குதிரைக்கு மினரல் மிக்சரும், டானிக்கும், அதற்கு மேல் ஊசியும் போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த 21 குதிரைகள்தான் நினைவுக்கு வரும். மூன்று டப்பாவையும் எடுத்து வைத்து, எதில் எவ்வளவு செலினியம் என்று கூட்டிப் பாருங்கள். ரத்தத்தில் அளந்து குறைவு என்று தெரிந்த பிறகே மருத்துவர் சொல்லும் அளவில் கொடுங்கள்.

நெல்லிக்காய் கொடுத்தால் வைட்டமின் சி ஏறுமா?

குதிரையின் ஈரலே வைட்டமின் சி-யைத் தயாரித்துக்கொள்ளும். நமக்குத்தான் அது முடியாது. ஆரோக்கியமான குதிரைக்குத் தனியாக வேண்டியதில்லை.

ஆடியில் அந்தியூரிலிருந்து குதிரை வாங்கி வந்திருக்கிறோம். எப்போது முதல் ரத்தம் எடுப்பது?

லாரிப் பயணமே குதிரைக்குப் பெரிய உழைப்பு. வந்த அன்று எடுத்தால் சி.கே.யும் வெள்ளையணுவும் உயர்ந்திருக்கும், ரத்தமும் கெட்டியாக இருக்கும். காய்ச்சலோ சோர்வோ இருந்தால் மட்டும் உடனே எடுங்கள், சர்ராவையும் பார்க்கச் சொல்லுங்கள். நலமாக இருந்தால் ஒரு வாரம் தனியாகக் கட்டி, தண்ணீரும் தீனியும் பழகிய பிறகு, ஓய்வில் ஒரு மாதிரி எடுத்து வையுங்கள். பி.சி.வி., மொத்தப் புரோட்டீன், சி.கே., ஏ.எஸ்.டி. இந்த நாலும் போதும். ஆன்டிஆக்ஸிடன்ட் பக்கத்துக்குக் காசு செலவழிக்க வேண்டுமென்றால், ஓய்வில் ஒன்று, உழைப்பு முடிந்ததும் ஒன்று, மறுநாள் ஒன்று என்று மூன்றும் எடுக்க முடிந்தால் மட்டும் செய்யுங்கள். ஒற்றை மாதிரியில் அந்தச் சோதனை எதையும் சொல்லாது. மூன்று மாதப் பயிற்சிக்குப் பிறகு அதே லேபில், அதே நேரத்தில், அதே தூரம் நடந்த பின் திரும்ப எடுத்து, இதே குதிரையின் பழைய தாளோடு ஒப்பிடுங்கள். பக்கத்து லாயக் குதிரையின் ரிப்போர்ட் உங்களுக்கு உதவாது.

ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் மருத்துவரை அழைக்க வேண்டியது எப்போது?

சிறுநீர் காபி நிறத்தில் போனால். பின்தொடை கல்லாக இறுகி, குதிரை அடி எடுத்து வைக்க மறுத்தால் (இழுத்து நடக்க வைக்காதீர்கள், நின்ற இடத்திலேயே நிறுத்துங்கள்). விலாப்பக்கம் இதயத் துடிப்போடு சேர்ந்து வெட்டி வெட்டி இழுத்தால், கால்சியமும் உப்பும் குறைந்துவிட்டது என்று பொருள். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்க வேண்டிய நாடி, சவாரி முடிந்து அரை மணி நேரம் கழித்தும் 60-க்குக் கீழே இறங்காவிட்டால். வெயிலில் வியர்வை திடீரென்று நின்று, உடம்பு மட்டும் கொதித்தால் உடனே நிழலுக்குக் கொண்டு போய், உடம்பு முழுக்கத் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றிக்கொண்டே போன் செய்யுங்கள்.